கீரி கடித்த வால்

போன வாரம் அலுவலக லிஃப்ட்டில் என்னோடு ஏறிய பெண், நான்கு மாடி ஏறுவதற்குள் ஒரு கையின் விரல்களுக்கெல்லாம் நகப்பூச்சு போட்டு முடித்துவிட்டாள். நிறமில்லாமல் வெறும் பளபளப்பு தருகிற வகை. கதவு திறந்ததும் விரல்களை விரித்து ஊதிக்கொண்டே இறங்கிப் போனாள். நான் இறங்க வேண்டிய மாடியும் அதுதான். கதவு மூடி லிஃப்ட் மறுபடி மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. அந்த வாசனையில் நான் சிதம்பரம் போய்விட்டிருந்தேன். அங்கே ஒரு வான்கோழி நின்றுகொண்டிருந்தது.

நகப்பூச்சுக்கும் வான்கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. எதையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு யோசிக்கிற ஆள் நான். மளிகைச் சாமானிலிருந்து மனக்கஷ்டம் வரை அப்படித்தான். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டைத் தாண்டினால் எனக்கு எண் தடுமாறும். இன்றுவரை.

பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் படித்திருந்தேன். அழுத்தம், வெப்பம், நீரோட்டம் எல்லாம் அளக்கத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில் கிடைத்த முதல் வேலையோ பூச்சி அளப்பது. வெளிநாட்டில் ஆற்று மீன் பிடிக்கிறவர்கள் சிலர் தூண்டிலில் புழு கோக்க மாட்டார்களாம். முள்ளின் மேலேயே நூலும் இறகும் சுற்றி, பார்த்தால் பூச்சி போலிருக்கும்படி கட்டி, அதை நீரில் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுவார்களாம். அந்தப் பூச்சிகளைக் கட்டி அனுப்புகிற சின்ன யூனிட் ஒன்று சிதம்பரத்தில், ஒரு பழைய நெல் மண்டியின் மாடியில் இருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, குட்டி வைஸ் இடுக்கியில் முள்ளைப் பிடித்துவைத்துக் கட்டுவார்கள். நூல் பிரியாமலிருக்கப் பூச்சியின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. அப்புறம் என் மேஜைக்கு வரும். நீளம் சரியா, இறக்கை நேரா, தலை அளவான பருமனா என்று பார்த்து நான் தள்ளவோ ஏற்கவோ வேண்டும். அந்தப் பூச்சியையோ, அதைத் தின்னும் மீனையோ, அந்த ஆற்றையோ நான் பார்த்ததில்லை. எதைப் போல இருக்க வேண்டும் என்று தெரியாத ஒன்றை, அதைப் போலத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. காலை பாசஞ்சரில் போய் சாயங்காலம் திரும்புவேன். முதல் நாள் வேலையை விவரித்ததும் அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "ஏம்மா, மண்புழு கெடைக்காத நாடா அது?" என்றார். யூனிட்டிலும் பெண்களுக்கு இதே குழப்பம்தான். ஒருநாள் முதலாளி, பிடித்த மீனை அவர்கள் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம்வரை யாருக்கும் வேலை ஓடவில்லை.

"புடிச்சிட்டு உட்டுடுவானாம்டி."

"அப்ப கொழம்பு?"

"கொழம்பு கெடயாது."

"என்னடி சொல்ற, அப்புறம் எதுக்குப் புடிக்கிறான் அந்த ஆளு?"

"உன் ஊட்டுக்காரர எதுக்குடி நீ புடிச்ச? கொழம்பு வெக்கவா?"

கடைசியாகக் கேட்டவர் அம்பிகா அக்கா. எங்கள் யூனிட்டிலேயே வேகமான கை அவருடையது, வாயும் அப்படியே. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னை எல்லோர் முன்னாலும் "செக்கிங் மேடம்" என்பார். தனியாக இருந்தால் "பாப்பா".

அக்காவின் கணவர் பெயர் ராஜவேலு. அந்தச் சமயம் மலேசியாவில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்தும் ஓட்டல்காரர் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காமல் இழுத்தடித்தார். அக்கா தன் கிராமத்து முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. "சேவலுக்கு அசையல பாப்பா. சாமிக்கும் ஊர்ல எல்லாரும் சேவல்தான சொல்றாங்க, சலிச்சிப்போயிருக்கும். அதான் பெருசா சொன்னேன்" என்றார். காராமணிக்குப்பம் சந்தையில் ஒரு வான்கோழிக் குஞ்சு வாங்கிவந்து, அதன் காலில் மஞ்சள் துணி கட்டி, இது உனக்கு, அவரை அனுப்பு என்று சொல்லி வளர்த்தார். குஞ்சு வளர்ந்து கழுத்துத் தொங்கட்டானை ஆட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிய மாதம் ராஜவேலு மாமா வந்து இறங்கினார். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு மாமா. ஒல்லியாக, கை விரல்களின் தோல் உரிந்து, எதைக் கேட்டாலும் பாதிச் சிரிப்போடு நிற்கிற மனிதர்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. மாமா வந்து ஷேர் ஆட்டோ ஓட்டத் தொடங்கிய சில மாதங்களிலேயே, அவருடைய தங்கை வீட்டுக்காரர், அதாவது அவர் மச்சான், சிங்கப்பூரில் வேறு வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மாமாவின் அம்மாவுக்கு மகிழ்ச்சி. அக்காவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: வேண்டுதலைப் பாக்கி வைத்துவிட்டு மகன் கடல் தாண்டக் கூடாது. முதலில் முனீஸ்வரனுக்கு வான்கோழி, அப்புறம் விமானம். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அதே சமயம் யூனிட்டில் எங்களுக்கு ஒரு தட்டுப்பாடு. வெட்டுக்கிளி மாதிரி ஒரு பூச்சி கட்டுவோம். அதன் இறக்கைக்கு, பழுப்பில் கருவரி ஓடும் வான்கோழி இறகு வேண்டும். வழக்கமாக வெளிநாட்டிலிருந்து பொட்டலமாக வரும். அந்தத் தடவை பொட்டலம் துறைமுகத்திலேயே எங்கோ நின்றுவிட்டது. "நம்ம ஊர்ல வான்கோழியே இல்லியா?" என்று முதலாளி சத்தம் போட்டார். எல்லோரும் அம்பிகா அக்காவைப் பார்த்தோம். அக்கா நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது சாமிக்கு உட்டது. கை வெக்கக் கூடாது" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு செய்தித்தாள் சுருட்டலை என் மேஜையில் வைத்தார். விரித்தால், அத்தனையும் வால் இறகுகள். விசிறி போல நீளமாக, ஓரத்தில் வெண்மை ஓடி, அழகாக.

"சாமிக்கு உட்டதுன்னீங்களேக்கா?"

"தானா உதுந்தது பாப்பா. உதுந்தது சாமிக்கு இல்ல, குப்பைக்குத்தான."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. கழுவி, உலர்த்தி, துண்டு போட்டு, வெட்டுக்கிளிகள் கட்டி அனுப்பினோம். எங்கள் ஊர் இறகின் வரி இன்னும் நன்றாக இருப்பதாக அங்கிருந்து பதில் வந்தது. முதலாளி எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தார்.

ஆடி ஞாயிற்றுக்கிழமைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். முனீஸ்வரனுக்குக் கூரை கிடையாது. வேப்ப மரத்தடியில் ஒரு கல், பக்கத்தில் வேல். பூசாரி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு காத்திருந்தார். மசாலா அரைத்து எடுத்துவந்து ஒரு குண்டானில் தயாராக வைத்திருந்தார்கள். ராஜவேலு மாமா வான்கோழியை இடுக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். பின்பக்கம் மொட்டை. வால் இருந்த இடத்தில் குட்டை குட்டையாகக் குச்சிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"எங்கடா வாலு?" என்றார் பூசாரி.

"கீரி கடிச்சிடுச்சி" என்றார் அம்பிகா அக்கா.

கூட்டத்தில் ஒரு பெரியப்பா முறைக்காரர், "கீரி கழுத்த கடிக்கும், கேள்விப்பட்டிருக்கேன். பின்னாடி கடிச்சிட்டு உட்டுட்டுப் போற கீரி எந்த ஊரு கீரி?" என்றார்.

"வெளிநாட்டுக்காரன் மீன் புடிக்கிற மாதிரி இருக்குது" என்று யூனிட்டிலிருந்து வந்த ஒரு பெண் என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதிர்ந்தது என்று என்னிடம் சொன்னவர் இங்கே கீரி என்கிறாரே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் அம்மா அழாத குறை. "ஊனமான பட்சிய சாமி எடுக்காதே! இப்ப என்னா பண்றது?" வேறு கோழி வாங்கலாமா என்று யாரோ கேட்டதற்கும் அவரே, "நேந்து உட்ட உருப்படிய மாத்தறதா? குடும்பத்துக்கு ஆவுமா?" என்று அடக்கிவிட்டார். பூசாரி நடுவில் புகுந்து, எதற்கும் சாமியையே கேட்டுவிடுவோம் என்றார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், பலி கொடுக்கும் முன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள்; உயிர் உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி சம்மதம். அந்த வான்கோழியோ, சைக்கிள் மணி அடித்தால் சிலிர்க்கும். பஸ் ஹாரனுக்குச் சிலிர்க்கும். என் துப்பட்டாவைப் பார்த்தே ஒரு தடவை உப்பிக்கொண்டு துரத்தியிருக்கிறது. அன்று பூசாரி செம்பு செம்பாக ஊற்றினார். அது நனைந்து, மஞ்சளாக, தலையைக் குனிந்து, பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் வாங்கிய பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது.

"உத்தரவு இல்ல. வாலு மொளைக்கட்டும், பாக்கலாம்" என்றார் பூசாரி. அரைத்த மசாலாவில் கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுச் சாப்பிட்டோம். அன்றைக்கு அம்பிகா அக்கா இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை, மீதமிருந்த இறகுகளை எடுத்து அடிக்குச்சிகளைப் பார்த்தேன். தானாக உதிரும் இறகின் அடி உலர்ந்து, உருண்டையாக மூடியிருக்கும். பிடுங்கினால் அடி முழுசாக, ஈரமாக வரும். இவை எல்லாமே ஒரே சாய்வில் சீராக வெட்டப்பட்டிருந்தன. நூல் கத்தரிக்கிற எங்கள் குட்டிக் கத்தரிக்கோல் அப்படித்தான் வெட்டும். வேரோடு பிடுங்கினால் சில வாரத்தில் புது இறகு வந்துவிடும். இப்படி வெட்டினால், அந்த அடிக்குச்சி உதிரும் பருவம்வரை வாலே கிடையாது.

மனதுக்குள் எண் போட்டேன். ஒன்று: யூனிட்டுக்கு இறகு வேண்டும், அதற்காக வெட்டினார். இரண்டு: கணவர் போகக் கூடாது, அதற்காக வெட்டினார். ஆனால் இரண்டுக்காகவும் என்றால்? ஒன்றுக்காகத் தொடங்கி இன்னொன்றாக முடிந்தது என்றால்? சாமிக்குப் பயப்படுகிற மனுஷி சாமி சொத்தில் கை வைப்பாரா? அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. அக்காவிடமே இறகைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல பல்லு அந்தக் கீரிக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சிங்கப்பூர் வேலை கை நழுவியது. வால் முளைத்தது. மச்சான் அடுத்த ஏற்பாடு செய்தார். மறுவருடம் ஆடியில் மறுபடி நாள் குறித்தார்கள். மாமியார் இந்த முறை கூண்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறார் என்று அக்கா சொன்னபோது நூல் அறுந்தது. அக்காவின் கையில் நூல் அறுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இப்ப போனா வரமாட்டாரு பாப்பா. போன தடவயே சாமி இழுத்துப்போட்டுத்தான் வந்தாரு" என்றார்.

ஞாயிற்றுக்கு முந்தின வியாழன். அக்கா அரை நாள் லீவு போட்டு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைக்கப் போயிருந்தார். படிக்கட்டில் யாரோ நிற்கிறார் என்று கூப்பிட்டார்கள். ராஜவேலு மாமா. கையில் செய்தித்தாள் சுருட்டல்.

"அக்கா இல்லியே மாமா."

"தெரியும்மா. அதான் வந்தேன்." சுருட்டலை நீட்டினார். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. "கீரி கடிச்சிடுச்சி" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

"மாமா..."

"இந்தத் தடவ கீரி நான்தான்." அப்புறம்தான் அந்தப் பாதிச் சிரிப்பு வந்தது. "அம்மா காபி குடிக்க உள்ள போச்சி. அந்த நேரத்துல."

"நீங்க போக ஆசப்படறீங்கன்னுதான நெனச்சேன்" என்றேன்.

அவர் விரல்களை நீட்டிக் காட்டினார். தோல் சரியாகியிருந்தது. "இது ஆறவே ஒரு வருசம் ஆச்சி. போமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்ல தைரியம் இல்லம்மா. மச்சான் மூஞ்சிலயும் முழிக்கணும். சாமி வேணான்னு சொன்னா எல்லாரும் கேட்டுப்பாங்க." ஒரு படி இறங்கியவர் திரும்பினார். "அவகிட்ட சொல்லிடாத. போன தடவ கீரி யாருன்னு எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

இந்த வாக்கியத்தை நான் ரயிலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை விடை வரவில்லை.

மறுநாள் காலை அம்பிகா அக்கா வெளிறிப்போய் வந்தார். என்னைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "பாப்பா, நேத்து ராத்திரி அத்தை தூங்குனதும் கூண்ட தொறந்தேன். வாலே இல்ல. நான் கை வெக்கல. சத்தியமா வெக்கல. நெசமாவே கீரி வந்துடுச்சி போல." குரலைத் தாழ்த்தினார். "இல்ல முனீஸ்வரனேதானா?"

சொல்லலாமா? மாமா கேட்டுக்கொண்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், முனீஸ்வரனே என்று சொன்னபோது, பயத்துக்கு நடுவே அக்காவின் முகத்தில் தெரிந்த நிம்மதி. சாமியே தன் பக்கம் வந்துவிட்ட நிம்மதி. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. "இருக்கும்க்கா" என்றேன். எதைச் சொன்னேன், கீரியையா முனீஸ்வரனையா என்று எனக்கே தெரியாது.

அந்த ஆடியும் கத்திரிக்காயோடு போயிற்று. ஆனால் மாமியார் விடவில்லை. ஐப்பசியில் புது இறகு குருத்துவிட்டது. தையில் முடித்தே தீருவது என்றார். கார்த்திகை முழுவதும் அந்த வால் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது. யூனிட்டில் நாங்கள் எல்லோருமே அதைப் பற்றித்தான் பேசினோம். "எவ்ளோ வந்திருக்கு?" "பாதி." இரண்டு கீரிகளும் இந்த முறை என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் நான் மட்டும் இரண்டு பங்கு தவித்தேன்.

மார்கழி நடுவில்தான் 'தானே' புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு அறிமுகம் தேவையில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் காற்று அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம். மண்டி மாடியின் தகரக் கூரை பறந்துபோனது. இறகுகள், நூல்கள், கட்டி வைத்த பூச்சிகள் எல்லாம் மழையில் ஊறிக் கூழாகின. முதலாளி வந்து பார்த்தார். யூனிட்டை மூடிவிடுவதாகச் சொன்னார்.

சாலை சரியானதும் அம்பிகா அக்கா வீட்டுக்குப் போனேன். கூண்டு இருந்த இடத்தில் கூண்டு இல்லை, வான்கோழியும் இல்லை. எங்கும் தேடியாகிவிட்டது. காலில் மஞ்சள் துணி கட்டிய எதையும் யாரும் பார்க்கவில்லை. மாமியார் வாசலில் உட்கார்ந்து மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "முனீஸ்வரன் தானே வந்து எடுத்துக்கிட்டான்டா. கடன் தீந்துச்சி. உன் மச்சானுக்கு போன் போடு."

மாமா என்னைப் பார்த்தார். அத்தனை நாள் ஒளிந்து நின்ற மரம் சாய்ந்துவிட்ட மாதிரி வெயிலில் நின்றார்.

உள்ளேயிருந்து அம்பிகா அக்கா முறத்தோடு வந்தார். நனைந்த அரிசியை வெயிலில் பரப்பிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டார். "வாலு பாதிதான அத்தை மொளச்சிருந்துச்சி? ஊனமான பட்சிய சாமி எடுக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அந்த அம்மா வாயைத் திறந்தார்.

"வேற கோழிதான் வாங்கலாம்" என்று அக்காவே தொடர்ந்தார். "ஆனா நேந்து உட்ட உருப்படிய மாத்தக் கூடாதே. அதுவும் நீங்க சொன்னதுதான்." அரிசியைக் கையால் நிரவினார். "பாக்கி பாக்கிதான். என்னா பண்றது."

மாமா அவசர அவசரமாக ஆட்டோவில் விழுந்து கிடந்த கிளையை இழுக்கப் போய்விட்டார்.

நான் வேலை தேடி சென்னை வந்துவிட்டேன். மண்டி மாடி இப்போது இல்லை, மண்டியே இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டு செல்போன் கடைகள் வந்துவிட்டன. பூச்சி கட்டத் தெரிந்த பெண்கள் ஜவுளிக் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். இப்படி ஒரு வேலை அந்த ஊரில் நடந்தது என்று சொன்னால் சிதம்பரத்துக்காரர்களே நம்ப மறுக்கிறார்கள். காராமணிக்குப்பம் போனால் வான்கோழி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அதன் வாலைப் பார்ப்பேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் சொல்லிக்கொள்ளப் போனபோது, அம்பிகா அக்கா தெருமுனைவரை கூட வந்தார். எங்களைத் தாண்டி ராஜவேலு மாமாவின் ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு, ஹாரன் அடித்தபடி போனது. அக்கா அது முனை திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "நல்ல பல்லு பாப்பா, அந்தக் கீரிக்கும்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தேன். பானைப் பக்கம் வெளிறி நின்ற அன்றைக்கே தெரியுமா, இல்லை அப்புறம் தெரிந்ததா? அதற்குள் பஸ் வந்துவிட்டது.